தை மாத விற்பனைக்கு ஆவணியில் தொடங்கிய வேலைகள்

திருச்சி புத்தூரில், உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குச் சற்றுத் தள்ளி, 1987-இல் அப்பா கட்டிய வீடு. தரைத்தளம் மட்டும்தான். முன்னால் போர்ட்டிகோ, நடுவில் கூடம், இரண்டு படுக்கையறைகள், பின்கட்டில் சமையலறை, அதற்கும் பின்னால் கிணறு. அம்மாவும் போன பிறகு பூட்டியே கிடந்தது. அண்ணன் பெங்களூரில், தங்கை கோயம்புத்தூரில், உள்ளூரில் நான் மட்டும். விற்றுவிடலாம் என்பதில் மூவரும் ஒரு மனதாக இருந்தோம். எந்த நிலையில் விற்பது என்பதில் ஆளுக்கொரு மனது.

அண்ணனுக்கு, பழைய மொசைக் தரையை மறைத்து வெள்ளை டைல்ஸ் ஒட்டி, சுவர் முழுக்கப் பட்டி பார்த்து, பளபளவென்று பெயின்ட் அடித்துவிட வேண்டும். தங்கைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க மனமில்லை. "வாங்குகிறவர்கள் எப்படியும் இடித்துவிட்டுத்தான் கட்டப் போகிறார்கள் அக்கா, மனை விலைக்குக் கொடுத்துவிடலாம்" என்றாள். அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. இடிக்க வருபவருக்குச் சுவரும் தரையும் ஒரு பொருட்டல்ல. பத்திரம் சரியாக இருந்தால் போதும். ஆனால் அவர் மனையின் விலையைத்தான் கொடுப்பார். குடியிருக்க வருபவர் கட்டடத்துக்கும் சேர்த்துக் கொடுப்பார். கூடவே பயத்தையும் கொண்டுவருவார்: மாடி ஒழுகுமா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, ஒயரிங் எந்தக் காலத்தது, பத்திரத்தில் வில்லங்கம் உண்டா. விடை கிடைக்காத ஒவ்வொரு கேள்விக்கும் அவர் மனதுக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார். அந்தத் தொகை நிஜமான பழுதுச் செலவைவிட எப்போதும் பெரிதாகவே இருக்கும். போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வீட்டு விலைக்கு மேல் இதையும் கையிலிருந்து கட்டிவிட்டு வருபவரிடம், வந்தவுடன் கொத்தனாரைத் தேடும் அளவுக்குக் காசு மிஞ்சியிருக்காது.

ஆகவே நான் வைத்துக்கொண்ட கணக்கு எளிது. எந்த வேலை வாங்குபவரின் ஒரு பயத்தைப் போக்குமோ அதற்குச் செலவு செய்யலாம். கண்ணுக்கு மட்டும் குளிர்ச்சியான வேலைகள் கடைசியில், பணம் மிஞ்சினால்.

அடுத்தது காலம். எங்கள் பக்கத்தில் ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க வருவார்களே தவிர முன்பணம் கொடுக்கமாட்டார்கள். தை பிறந்தால்தான் பேச்சு சூடுபிடிக்கும். தைக்கு முன்னால் ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறது. பூசிய மாடி நிற்கிறதா என்று சோதிக்க வடகிழக்குப் பருவமழையைவிட நல்ல பரிசோதகர் கிடையாது. அதனால் ஈர வேலைகள் எல்லாம் மழைக்கு முன்பு, பெயின்ட் மழைக்குப் பின்பு என்று வைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு முன்பே பெயின்ட் அடித்துப் படம் எடுத்து அனுப்பு என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அசையவில்லை.

ஆவணி

முதலில் வீட்டைக் காலி செய்தோம். பரணிலிருந்து இறங்கிய பித்தளைப் பாத்திரங்களைத் தங்கை எடுத்துக்கொண்டாள், புத்தகங்கள் என்னிடம் வந்தன, மீதி பழைய இரும்புக் கடைக்கு. இதைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை. எழுதினால் வேறு மாதிரிப் பதிவாகிவிடும்.

மறுவாரமே பத்திர வேலையைத் தொடங்கினேன். எல்லாவற்றிலும் மெதுவாக நகர்வது இதுதான் என்பதால் முதலில் தள்ளிவிட வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம், அதை வைத்துப் பட்டாவில் எங்கள் மூவர் பெயரையும் ஏற்றுவது, பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ். அந்தச் சான்றிதழில்தான் ஒரு முள் இருந்தது. வீடு கட்டுவதற்காக அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். கடனைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அடைத்துவிட்டார். அடைத்த ரசீதும் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அடமானம் பதிவானதே ஒழிய, அது தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகவில்லை. எனவே இன்றைய தேதியில் எடுத்த சான்றிதழிலும் அடமானம் அப்படியே நின்றது. சங்கத்தின் பழைய பேரேட்டைத் தேடி எடுக்கவைத்து, ரசீது ஆவணம் எழுதி, பொறுப்பு அலுவலரை அழைத்துவந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. வீட்டின் எந்தச் சுவரும் இவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. வங்கிக் கடன் வாங்கி வீடு வாங்குபவர் இந்த ஒரு வரியைப் பார்த்தாலே திரும்பிப் போயிருப்பார். அவர் போகாவிட்டாலும் அவருடைய வங்கி வழக்கறிஞர் போகச் சொல்லியிருப்பார். பழைய வீட்டை விற்க நினைப்பவர்கள் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் வில்லங்கச் சான்றிதழை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

தாள்கள் ஒருபக்கம் நகர, மொட்டை மாடி வேலை தொடங்கியது. காங்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி, அதன் மேல் தட்டோடு. அந்தக் காலத்து வீடுகளுக்கே உரிய மாடி. கூடத்தின் மேற்கூரையில் பழுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அதைப் பார்த்த அண்ணன், மாடி முழுக்க வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு அடித்துவிடச் சொன்னார். எங்கள் கொத்தனார் அறுபதைத் தாண்டியவர். மாடிக்கு ஏறியதும் கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் ஒவ்வோர் ஓடாகத் தட்டிக்கொண்டே போனார். ஒட்டியிருந்த ஓடு கணீரென்றது. விட்டுப்போன ஓடு பொல்லென்றது. பொல்லென்ற ஓடுகளுக்கெல்லாம் சாக்பீஸால் குறி போட்டார். குறிகள் இரண்டு இடங்களில் குவிந்திருந்தன: எப்போதோ டிஷ் ஆன்டெனாவுக்காகத் துளைபோட்ட இடத்தைச் சுற்றி, பிறகு தென்மேற்கு மூலையில் மழைநீர்க் குழாய்க்கு அருகே. "இங்கே வாட்டம் எதிர்த்திசையில் இருக்கிறது அம்மா. தண்ணீர் குழாய்க்குப் போகாமல் சுவரோரமாகப் போய் நிற்கிறது. மேலே எதைப் பூசினாலும் அடியில் குளம்தான்" என்றார்.

குறி போட்ட ஓடுகளைப் பெயர்த்தோம். அடியில் சுர்க்கி பல இடங்களில் கெட்டியாகவே இருந்தது. மூலையில் மட்டும் கையால் அள்ளும்படி நொறுங்கியிருந்தது. நொறுங்கியதை அகற்றி, வாட்டத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பி, நீர்க்கசிவைத் தடுக்கும் திரவம் கலந்த சிமென்ட் கலவையில் புதிய ஓடுகளைப் பதித்தார். மற்ற ஓடுகளின் சந்துகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி மீண்டும் அடைத்தார். தளமும் கைப்பிடிச் சுவரும் சந்திக்கும் மூலைதான் பெரும்பாலான மாடிகளில் ஒழுகும் இடம். நேர்க்கோணமாக இருந்த அந்த மூலையைச் சுற்றிலும் சரிவாகப் பூசிவிட்டார். கைப்பிடிச் சுவரின் வெளிப்புறத்தில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. அதை ஒடித்தால் போதாது, வேர் செங்கல் சந்துக்குள் ஓடியிருக்கும். இரண்டு வரிசைச் செங்கல்லை எடுத்து, வேரைப் பிடுங்கிவிட்டு மறுபடி கட்டினோம்.

எல்லாம் நனைத்துக் காய்ந்த பிறகு நீர்ச் சோதனை. மழைநீர்க் குழாய்களின் வாயைச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட்டு, மாடியில் இரண்டு அங்குலத் தண்ணீரைத் தேக்கி இரண்டு நாள் விட்டோம். தளம் தாங்குமா என்று தங்கை போனில் பதறினாள். இரண்டு அங்குலம் என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. ஒரு கல்யாணத்துக்கு மாடியில் பந்தி போட்டால் அதைவிடக் கூடுதல் எடை ஏறும். கூடத்துப் பழுப்பு வட்டத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. மொத்தச் செலவில் பெரும்பங்கு இந்த மாடிக்குத்தான் போனது. வெள்ளைப் பூச்சு பற்றிய பேச்சு அதோடு நின்றது.

புரட்டாசி

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். பூச்சு பொருக்குத் தட்டி, வெள்ளை உப்பு பஞ்சுபோலப் பூத்திருந்தது. இப்படிப்பட்ட சுவரில் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த மழைக்குள் தோல் உரியும். வாங்குபவர்களும் இந்த வித்தையை அறிவார்கள். பழைய வீட்டில் ஒரே ஒரு சுவர் மட்டும் புதிதாக மின்னினால் அந்தச் சுவரைத்தான் தட்டிப் பார்ப்பார்கள்.

ஓதம் தரையிலிருந்து ஏறுகிறதா, குழாயிலிருந்து வருகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் அடைத்து, நீர்மட்டத்தைக் குறித்துவைத்துவிட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் மட்டம் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. சந்தேகமில்லை, சுவருக்குள் ஓடிய பழைய இரும்புக் குழாய். பூச்சைக் கொத்தியபோது துருவேறி ஊசித் துளைகளோடு வெளியே வந்தது. அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யச் சொன்னவர்களும் உண்டு. முப்பது ஆண்டு தாண்டிய இரும்புக் குழாயில் ஓர் இடத்தை அடைத்தால் அடுத்த இடம் திறக்கும். மொத்தத்தையும் விட்டுவிட்டு, துருப்பிடிக்காத சிபிவிசி பிளாஸ்டிக் குழாயில் புதிய பாதை போட்டோம். பூசி மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை விரித்துப் பிடித்து, குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் போகிறது என்று தெரியும்படி படம் எடுத்து வைத்தேன். இந்தப் படங்கள் தையில் மிகவும் பேசின.

உப்பேறிய பூச்சை ஈரக்கோட்டுக்கு மேலே ஓர் அடி வரை கொத்தியெடுத்து, செங்கல் சந்துகளைச் சுரண்டினோம். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்து மறுபடி செங்கல்லுக்குள்ளேயே போகும். உலர்ந்த கம்பித் தூரிகையால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்ட வேண்டும். சில நாள் விட்டால் மறுபடி பூக்கும், மறுபடி தேய்க்க வேண்டும். பூப்பது குறைந்த பிறகும் அந்தச் சுவரை உடனே பூசவில்லை. பாலிதீன் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பார்ப்பேன். உட்புறம் முத்துமுத்தாக வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. தாள் வியர்க்காமல் இருந்த அன்றுதான் கொத்தனாரை அழைத்தேன்.

போர்ட்டிகோ சன்ஷேடின் அடியில் காங்கிரீட் உப்பி விழுந்து, கம்பி வெளியே தெரிந்தது. தெருவில் நின்று பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது இதுதான், ஆகவே மூடிவிடும் ஆசையும் இதில்தான் அதிகம். துருவோடு சேர்த்துப் பூசினால், துரு உள்ளேயே பெருத்து, புதுப் பூச்சையும் தள்ளிவிடும். உப்பிய காங்கிரீட்டைச் சுற்றிலும் உதிர்த்து, கம்பியின் பின்பக்கமும் தெரியும் அளவுக்குத் தோண்டி, துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைத்தோம். நல்லவேளையாகக் கம்பி மெலிந்திருக்கவில்லை. மெலிந்திருந்தால் பொறியாளரைத்தான் அழைத்திருக்க வேண்டும்.

பின்கட்டில் கிணற்றடியை ஒட்டி ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை இருந்தது, பின்னாளில் விறகுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் போட்டது. வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அது கிடையாது. அந்த வரைபடத்தில் இருப்பது நகராட்சி முத்திரை. திருச்சி மாநகராட்சியானதே 1994-இல்தான். 'கூடுதல் அறை' என்று சொல்லி விலை கேட்கலாம் என்றார் தரகர். வங்கி மதிப்பீட்டாளர் வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒப்பிடும்போது அதே அறை நமக்கு எதிராகப் பேசும். எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைச் சுத்தியலால் உடைத்து இறக்குவதுதான் வழக்கம். அந்தத் தூசியின் இழைகள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தகடுகளை நன்றாக நனைத்து, கொக்கி போல்ட்டுகளை அறுத்து, முழுத் தகடாகவே இறக்கச் சொன்னேன். முகக்கவசம் போடமாட்டேன் என்று ஓர் இளைஞர் சிரித்தார். போடாதவருக்குக் கூலி இல்லை என்றதும் போட்டுக்கொண்டார். கொட்டகை போனதும் கிணறும் பின்முற்றமும் வெளிச்சத்துக்கு வந்தன. செலவழித்து ஓர் அறை கட்டியிருந்தாலும் வீடு அவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது.

ஐப்பசி, கார்த்திகை

மழை பெய்தது, கூரை ஒழுகவில்லை. ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் போய், பென்சில் கோட்டைத் தேதியோடு படம் எடுத்தேன்.

இந்த இடைவெளியில் உள்வேலைகள். மொசைக் தரைக்கு டைல்ஸ் போடுவதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. மேலே டைல்ஸ் ஒட்டினால் தரை உயரும். எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டும். குளியலறைப் படி மட்டம் மாறும். இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் அதே வெள்ளைத் தரை. மொசைக்கின் கீழே இருப்பது சலவைக்கல் சில்லுகள்; மேல்தோல் மங்கியிருக்கிறதே தவிர கல் மங்கவில்லை. மெருகு போடுகிறவரை அழைத்து, பீரோவுக்கு அடியில் மறையும் மூலையில் ஒரு சதுர அடி மட்டும் தேய்த்துக் காட்டச் சொன்னேன். அதைப் படம் எடுத்து அனுப்பியதும் அண்ணன், "இது நம் வீட்டுத் தரையா?" என்று கேட்டார். வழக்கு முடிந்தது.

சில்லு பெயர்ந்த குழிகளை வெள்ளைச் சிமென்ட்டில் நிறப்பொடி கலந்து, பழைய நிறத்தோடு பொருத்தி முதலில் அடைத்தார். பிறகு தண்ணீர் விட்டுக்கொண்டே இயந்திரத்தால் தேய்ப்பு: 60-ஆம் எண் கல், 80, 120, அதற்கு மேல் இன்னும் நைசான கற்கள். ஒவ்வொரு கல்லுக்கும் இடையில் தரையைக் கழுவி, கீறல் தெரிகிறதா என்று டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு கல்லைத் தவிர்த்து அடுத்ததுக்குத் தாவினால் முந்தைய கீறல் மெருகுக்கு அடியில் என்றைக்கும் தெரியும். வேகமாக முடிக்க நினைப்பவர்கள் தாவுவது 120-ஐத்தான். வழிந்த சேற்றைச் சாக்கடைத் துளையில் தள்ளவிடக் கூடாது, உள்ளே போய்ச் சிமென்ட்டாக இறுகிவிடும். வாளியில் அள்ளி வெளியே கொட்டினோம். கடைசியாக ஆக்ஸாலிக் அமிலத் தூளைத் தூவி மெருகு. குளியலறை உப்புக்கறைக்குப் பயன்படும் அமிலத்தை மட்டும் இந்தத் தரைப் பக்கம் கொண்டுவரக் கூடாது. சலவைக்கல்லை அது நுரைக்க நுரைக்கத் தின்றுவிடும். சுத்தம் செய்ய வந்த பெண்ணிடம் அந்தப் பாட்டிலை வாங்கி நானே பூட்டிவைத்தேன்.

மின்சாரம். மரப்பலகையும் பீங்கான் ஃபியூஸ்களுமாக இருந்த பழைய போர்டு போய், எம்சிபி பெட்டி வந்தது, மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்சுகள் கொண்டது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் சேர்ந்தது. மாட்டிய அன்றே கூடத்து விளக்கைப் போட்டால் வீடு முழுக்க அணைந்தது. கருவியைக் குறை சொல்லி அதைக் கழற்றிவிடுவதுதான் பல இடங்களில் நடப்பது. எலக்ட்ரீஷியன் பொறுமைசாலி. ஒவ்வோர் இணைப்பாகப் பிரித்துப் பார்த்ததில், கூடத்து விளக்கின் நியூட்ரல் கம்பி, ஆர்சிசிபிக்கு வெளியே இருந்த இன்னொரு சுற்றின் நியூட்ரலோடு பழைய பெட்டி ஒன்றுக்குள் முறுக்கப்பட்டிருந்தது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒரே அளவாக இல்லாததால் கருவி அதைக் கசிவு என்று எண்ணியது. பிரித்துவிட்டதும் சரியானது. பெட்டியின் கதவில் எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று தமிழில் எழுதி ஒட்டினேன்.

மார்கழி

வாரத்துக்கு ஒரு முறை பாலிதீன் தாள் சோதனை செய்து, எல்லாச் சுவரும் தேறிய பிறகே பெயின்டரை வரச்சொன்னேன். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்த வீடு. பச்சையும் ரோஸுமாக ஏடு ஏடாகப் படிந்திருந்தது. அதன் மேல் எமல்ஷன் அடித்தால் சுண்ணாம்போடு சேர்ந்து தாளாக உரிந்து வரும். டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் போதும், எங்கே பிடிப்பில்லை என்று தெரிந்துவிடும். சுரண்டுவதும் உப்புத்தாள் போடுவதும்தான் இந்த வேலையின் முக்கால் பங்கு, பெயின்ட் அடிப்பது மீதி. பட்டியைப் பள்ளமான இடங்களில் மட்டும் போடச் சொன்னேன். பெயின்டருக்கு அதில் வருத்தம். சுவர் முழுக்கப் பட்டி பார்த்தால் கண்ணாடிபோல இருக்கும் என்றார். இருக்கும், நாற்பது வயதை நெருங்கும் சுவர் கண்ணாடிபோல இருந்தால் எதை மறைத்தீர்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். எல்லா அறைக்கும் ஒரே மங்கல் வெள்ளை. வெளிச்சுவரில் பனி காய்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல்தான் தூரிகை தொட்டது.

கிணற்றுத் தண்ணீரைப் பலமுறை இறைத்து வெளியேற்றி ஊறவிட்ட பிறகு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 860 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். ஆகப் புழங்குவதற்கு நல்ல தண்ணீர், குடிப்பதற்கு மாநகராட்சிக் குழாய். கேட்பவர்களிடம் இதை இப்படியே சொல்வது என்று வைத்துக்கொண்டேன். தரகர் "இனிப்புத் தண்ணீர்" என்று சொல்லலாம் என்றார். ஒரு வாய் குடித்தால் தெரிந்துபோகும் விஷயத்தில் எதற்குப் பொய்?

வாஸ்து பற்றியும் அவருக்கு யோசனைகள் இருந்தன: சமையலறை அக்னி மூலையில் இல்லை, அடுப்பு மேடையையாவது இடம் மாற்றுங்கள் என்றார். தொடவில்லை. நம்பிக்கை இல்லாதவருக்கு அது தேவையில்லை. நம்பிக்கை உள்ளவர் தனக்கென ஒரு நிபுணரோடு வருவார், அவர் வேறு ஒன்றை மாற்றச் சொல்வார்.

தை

வந்தவர்கள் பலவிதம். தெருவிலிருந்தே திசையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், மனை அளவை மட்டும் கேட்டவர்கள், எங்கள் தெருவில் வீட்டு விலை என்னவென்று அறிந்துகொள்ள மட்டும் வந்த அக்கம்பக்கத்தினர். உட்கார்ந்து பேசியது ஒரு குடும்பம். கணவன் மனைவி இருவரும் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கூட வந்த பெரியவர், கணவரின் அப்பா, நேராக மாடிக்கு ஏறினார். கைத்தடியால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே சுற்றினார். கீழே வந்து குளியலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் நின்றார். கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்தார். பிறகு என்னிடம், "இந்தச் சுவரில் ஏதோ வேலை நடந்திருக்கிறதே அம்மா?" என்றார்.

படங்களையும் தாள்களையும் சேர்த்துவைத்திருந்த ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். துருப்பிடித்த குழாயின் படம், புதுக் குழாயின் பாதை, மாடியில் தேங்கிய தண்ணீர், பென்சில் கோடு, மழைத் தேதிகள், நீர்ப் பரிசோதனை அறிக்கை, ரசீதுகள், பதிவான அடமான ரசீது ஆவணம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பேரம் பேசாமல் இல்லை, யார்தான் விடுவார்கள். ஆனால் பேரம் சமையலறை அலமாரிகள் பழையவை, ஜன்னல்களுக்குக் கொசுவலை இல்லை என்ற அளவிலேயே நின்றது. அவை இரண்டும் உண்மை, அதற்குரியதைக் குறைத்துக்கொடுத்தோம். மாடியைப் பற்றியோ சுவரைப் பற்றியோ யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. சொன்ன விலைக்குச் சற்றுக் கீழே முடிந்ததில் அண்ணனுக்கும் திருப்தி. செலவைக் கழித்துப் பார்த்த தங்கைக்கும் திருப்தி.

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து முன்பணம் வாங்கினோம். விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். மூவரின் பான் எண்களையும் அப்போதே கொடுத்தோம். மின்விசிறிகள், மோட்டார், கிணற்று மூடி, வாசல் விளக்கு என்று எதையெல்லாம் விட்டுப்போகிறோம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதவைத்தேன். கடைசி நாளில் ஒரு மின்விசிறிக்காக முகம் சுளித்துக்கொண்ட கதைகள் எங்கள் உறவிலேயே உண்டு. வங்கி மதிப்பீட்டாளர் வந்து நகராட்சி வரைபடத்தை விரித்துவைத்து அளந்தார். கொட்டகை இருந்த இடத்தில் காலி முற்றம் மட்டும் இருந்ததால், அளந்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

கிரயம் மாசியில். போன வாரம் பெரியவர் போன் செய்து கொத்தனாரின் எண்ணைக் கேட்டார். மாடியில் அவருக்கென்று ஓர் அறை எடுக்கப் போகிறார்களாம், தென்மேற்கு மூலையில். அந்த மூலை ஓடுகளை அப்படிப் பார்த்துப் பார்த்துப் பதித்தவருக்கு மனது கஷ்டமாக இருக்குமே என்று தயங்கித்தான் கொத்தனாரிடம் சொன்னேன். "அறை கட்டினால் என்ன அம்மா, அதற்கும் மேலே ஒரு மாடி வருமே, அங்கேயும் ஓடு போடத்தானே வேண்டும்" என்றவர், எத்தனைக்கு எத்தனை அடி அறை என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.